நூற்றுப் பதினெட்டு அரைப்பேர்

அத்தியாயம் 14

போன வாரம் நாகலெட்சுமியை அடுப்படியில், ஒரு கையில் போனும் மறு கையில் அகப்பையுமாக நிற்க வைத்துவிட்டு வந்தோம். போனில் நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது. முப்பதைத் தாண்டியறியாத அவளுடைய வீடியோ சேனலில், ஒரே காலையில் நூற்றுப் பதினெட்டு வியூஸ். அடுப்பில் ரொட்டி கருகியதை அவள் கவனிக்கவில்லை.

அது புதன்கிழமை. இன்று வெள்ளி. இரண்டு நாளாக அவளுக்குக் கால் தரையில் படவில்லை. மாரியம்மன் படத்துக்குப் பூ வைத்தாள். வரிசை வீடான லயத்தில், பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு அக்காவுக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். ஆனாலும் ஒரு கேள்வி மட்டும் விடவில்லை. மகளைப் பிடித்துக் கேட்டாள்.

"பிரியந்தி, இந்த நூத்திப்பதினெட்டுல யாரு யாரு இருக்காங்க?"

"அது காட்டாதும்மா."

"யாருன்னு காட்டாம எண்ணிக்கைய மட்டும் காட்டி என்னாத்துக்கு?"

"நூத்திப்பதினெட்டுன்னா நூத்திப்பதினெட்டு பேருன்னும் இல்லம்மா. ஒரே ஆளு பத்துத் தடவ பாத்தா பத்துன்னுதான் காட்டும்."

இருபத்தாறு வருடம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி ஏறும்? கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விடிந்ததும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் இடம் அது. காலையில் முப்பது பிள்ளைகளை வாங்கினால் சாயங்காலம் முப்பதையும், அதுவும் அவரவர் தாயிடம், திருப்பிக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்து பிள்ளை மாறிப்போனால் யார் சும்மா விடுவார்கள்?

'பிள்ளைக்காம்பரா லெச்சுமி' என்ற அந்தச் சேனலில் அவள் பேசுவதும் இதைத்தான். வாரம் ஒரு பிள்ளை. இப்போது முப்பது வயதாகி, கொழும்பிலும் கோயம்புத்தூரிலும் வளைகுடாவிலும் கிடக்கிற பிள்ளைகள். யார் கட்டை விரலைச் சூப்பினார்கள், யார் பிஸ்கட்டைத் தொட்டிலுக்கு அடியில் ஒளித்தார்கள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க மலையிலிருந்து ஓடி வருவார்களாம். மழை நாளில் இடுப்பில் கட்டிய ஈரப் படங்கை வாசலிலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு, உள்ளங்கை இரண்டையும் சூடு வரத் தேய்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவார்களாம். இதைச் சொல்லும்போது அவளும் தன்னை அறியாமல் கையைத் தேய்ப்பாள். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும்.

ஆனால் இதெல்லாம் வெளியே சொல்கிற காரணம். உள்ளே இருக்கிற காரணம் ஒரே ஒருவன். பிரதாப்.

இன்றுதான் இந்தக் கதைக்குள் வருகிறவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றரை வருடத்துக்கு முன்பு மகன் பிரதாப்பும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போனான். அப்பா செல்லசாமிதான் கங்காணி. ஒருநாள் மத்தியானத்தோடு, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வைத்துவிட்டு, ஹட்டனில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்விட்டான். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், எல்லோரும் நிற்க, செல்லசாமி கணக்கப்பிள்ளையிடம் சத்தமாகச் சொன்னார்: "பிரதாப்புக்கு அரைப்பேரு." பாதி நாள் வேலைக்குப் பாதிப் பேர், பாதிச் சம்பளம். அதோடு விட்டிருக்கலாம். "கங்காணி மகன்னா நெழல்ல நின்னாலே பேரு விழும்னு நெனச்சிட்டாரு தொர" என்று ஒன்றைச் சேர்த்தார். மடுவமே சிரித்தது. அந்த மாதமே பிரதாப் வீட்டை விட்டுப் போனான். கட்டாரில் இருப்பதாகக் கூட்டாளி கிஷாந்த் மூலம் ஒரு தடவை சேதி வந்தது. அதற்குப் பிறகு இல்லை.

அவன் இந்த வீடியோக்களைப் பார்க்கிறானா? நாகலெட்சுமிக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பிரியந்திக்கு லீவு. ஹட்டனில் அவள் வேலை பார்க்கும் போட்டோகொப்பிக் கடை அன்று திறக்காது. காலையில் தலை முழுகி, முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, சேனலின் உள் விவரங்களைத் திறந்தாள். எத்தனை வியூஸ் என்பது உடனே தெரியும். எவ்வளவு நேரம், எந்த நாடு என்பதெல்லாம் வர இரண்டு நாள் ஆகும். புதன்கிழமை விவரம் இப்போதுதான் வந்திருந்தது.

பார்த்தவள் முகம் சுருங்கியது.

"அம்மா, இங்க வாங்களேன். இந்த வீடியோ எத்தன நிமிஷம்?"

"நாலு நிமிஷம். ஏன்?"

"சராசரியா ஒரு ஆளு எவ்வளவு நேரம் பாத்திருக்காங்க தெரியுமா? மூணு செக்கன்."

"மூணு செக்கன்ல நான் வணக்கம்கூட சொல்லியிருக்க மாட்டேனேடி!"

"அதான் சொல்றேன். தொறந்ததும் மூடியிருக்காங்க. நூத்திப்பதினெட்டு தடவையும்."

நாகலெட்சுமி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரியந்தி பொறுமையாகச் சொன்னாள். ஒரு வீடியோ போட்டால் முதலில் கொஞ்சப் பேருக்குத்தான் காட்டும். அவர்கள் இருந்து பார்த்தால், இன்னும் கொஞ்சப் பேருக்குக் காட்டும். திறந்ததும் மூடிவிட்டால், இது யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று ஓரமாக ஒதுக்கிவிடும்.

"அப்ப முன்னாடி முப்பது வந்திச்சே?"

"அந்த முப்பதும் தங்கம் மாதிரிம்மா. கடைசி வரைக்கும் இருந்து பாத்திருக்காங்க. இந்தா பாருங்க." பிரியந்தி விரலால் தள்ளிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். "அம்மா..."

"என்னாடி?"

"ஆறாவது வீடியோ. நீங்க அண்ணனப் பத்திப் பேசினது. எந்த நாடுன்னு போட்டிருக்கு. இலங்கை பதினஞ்சு. இந்தியா ஆறு. கட்டார் ஒம்பது."

நாகலெட்சுமி முந்தானையில் கையைத் துடைத்தாள். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஆயா பிள்ளை என்று பிரதாப்புக்குப் பிள்ளைக்காம்பராவில் சலுகை ஒன்றும் கிடையாது. எல்லாப் பிள்ளைகளோடும் அவனும் ஒரு தொட்டில். ஆனால் தூங்க வைக்கத்தான் பாடாய்ப் படுத்துவான். கொழுந்து லொறியில் ஏறி ஹட்டனுக்குப் போன கோழியின் கதையை அவனுக்காகத்தான் கட்டினாள். கோழி திரும்பி வந்து சேர்ந்ததும், அரைக்கண்ணைத் திறந்து, "இன்னொருக்கா" என்பான். மறுபடி கோழி லொறி ஏற வேண்டும். ஏழு தடவை, எட்டுத் தடவை. இதைத்தான் ஆறாவது வீடியோவில் சொல்லியிருந்தாள்.

"ஒம்பது பேரா? இல்ல ஒரே ஆளு ஒம்பது தடவையா?"

"தெரியாதும்மா. நம்ம தோட்டத்துப் புள்ளைங்களே கட்டார்ல இருபது பேராச்சும் இருப்பாங்க."

"இந்தப் புதன்கிழம வீடியோவுல?"

பிரியந்தி தயங்கினாள். "கட்டாரே இல்ல. யாரோ தொறந்து தொறந்து மூடினதுல, அந்தப் பக்கம் போகவே இல்ல போல."

நாகலெட்சுமி எழுந்து உள்ளே போனாள். அழுகிறாள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. அகப்பை அநியாயத்துக்குச் சத்தம் போட்டது.

பன்னிரண்டு மணிக்குச் செல்லசாமி சாப்பிட வந்தார். வரும்போதே முகத்தில் ஒரு பெரிய மனிதக் களை. கை கழுவாமலே சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து மனைவி முன்னால் வைத்தார்.

"யாரு யாருன்னு கேட்டியே லெச்சுமி. இந்தா, பேரோட இருக்கு."

கொப்பி முழுக்கப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு சரி அடையாளம்.

"என்னப்பா இது?" என்றாள் பிரியந்தி.

"ஆயிரம் பேரு பாத்தா தானா பரவும்னு நீதான சொன்ன? பரவினா அவன் கண்ணுலயும் ஒருநாள் படும்ல. புதன்கிழம காலைல பெரட்டுல பேரு கூப்புட்டு முடிச்சதும், எல்லாரையும் போன எடுக்கச் சொன்னேன். வீட்டுல உள்ள போனையும் சேத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். லெச்சுமி வீடியோவத் தொறங்கன்னேன். தொறந்தாச்சான்னு ஒவ்வொருத்தரா பாத்து சரி போட்டேன். அப்பறம் மூடிட்டு மலைக்குப் போகச் சொன்னேன். நேரம் ஆயிருச்சில்ல."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

பிரியந்திக்குத்தான் முதலில் கோபம் வந்தது. மூன்று செக்கன், ஓரமாக ஒதுக்கியது, ஆறாவது வீடியோவின் ஒன்பது, இதில் கட்டார் இல்லாமல் போனது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கடைசியில், "நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீங்கப்பா. ஆனா அண்ணன் கண்ணுல படாமப் போனதுக்கு நீங்கதான் காரணம்" என்றும் சொல்லிவிட்டாள். இப்படி ஒரு பேச்சு அப்பாவைப் பார்த்து அவள் பேசியதே இல்லை.

செல்லசாமி கை கழுவிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். கங்காணி வேலையில் அவர் பார்க்காத ஆளா? காலையில் பெரட்டுக்கு வந்து பேரைக் கொடுத்துவிட்டு, மலைக்கு ஏறாமல் குறுக்குப் பாதையில் நழுவுகிறவர்களை எத்தனை வருடம் பிடித்திருக்கிறார்!

"வந்து பேரக் குடுத்துட்டு எல்லாரும் நழுவிட்டாங்க. அதான சொல்ற?"

"ஆமாப்பா."

"நூத்திப்பதினெட்டும் அரைப்பேரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரிந்தது. மூன்றரை வருடமாக அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத சொல் அது. மலையில் நாளுக்கு நாலு தடவை சொல்வார். வீட்டு வாசலுக்குள் கொண்டு வந்ததில்லை. நாகலெட்சுமி தலையைத் திருப்பிக்கொண்டாள். செல்லசாமி பாதிச் சோற்றை அப்படியே மூடிவிட்டு, கொப்பியைக்கூட எடுக்காமல் மலைக்குப் போனார்.

நாலரை மணிக்குத் திரும்பி வந்தவர், குளித்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். இஸ்தோப்பில் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"பிரியந்தி, என்னைய எடு."

"என்னப்பா?"

"அம்மாவ எடுக்குறியே, அது மாதிரி."

ஏழு வீடியோ எடுத்தும் கேமராப் பக்கமே தலை வைத்துப் படுக்காத மனிதர் அவர். பிரியந்தி போனை அவருக்கு எதிரே நிமிர்த்தி வைத்தாள். நாகலெட்சுமி கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

முதல் ஒரு நிமிடம் இருமல்தான். பிறகு, ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் இருமிக்கொண்டே பேசினார்.

"பிரதாப்பு. அப்பா பேசுறேன். அன்னைக்கு ஒனக்கு அரைப்பேரு போட்டது சரிதான். மத்தியானத்தோட போனவனுக்கு முழுப்பேரு போட்டா நான் கங்காணி இல்ல. அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

கதவுக்குப் பின்னால் நாகலெட்சுமி நெற்றியில் அடித்துக்கொண்டாள். இந்த மனுசன் இதற்காகவா சட்டை மாற்றினார்?

"ஆனா அதுக்கப்பறம் ஒண்ணு சொன்னேன் பாரு. எல்லாரும் சிரிச்சாங்களே. அது தப்பு. சொல்லும்போதே தெரியும். நீ என்னையப் பாத்த. நான் வேற பக்கம் பாத்துக்கிட்டேன். அந்தப் பார்வ இன்னும் மடுவத்துக்குப் போனா எனக்கு ஞாபகம் வருது. தெனமும் போக வேண்டியிருக்கு." மறுபடி இருமினார். "அந்த வகுப்புக்கு நீ போனது நல்லதுதான். என் போன் நம்பரு அதேதான். மாத்தல. அவ்வளவுதான்."

நாலு நிமிடம் பத்து செக்கன். இருமலை வெட்டிவிடலாமா என்று பிரியந்தி கேட்டாள். "வேணாம், அதுவும் என் இருமல்தான்" என்றார்.

ஐந்தே காலுக்கு வீடியோ ஏறியது. அதன் பிறகு செல்லசாமி செய்ததை லயத்து ஆட்கள் வருடக் கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். புதன்கிழமை எல்லோரையும் பார்க்கச் சொன்ன அதே கங்காணி, தீபாவளிச் சட்டையோடு காம்பரா காம்பராவாகப் போய், யாரும் பார்க்க வேண்டாம் என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் யாரும் தொறக்காதீங்க. கும்புட்டுக் கேக்குறேன். நீங்க யாரும் பாக்கலன்னா, பாக்குறது அவனாத்தான் இருக்கும்."

"பாக்காதன்னு சொன்னாத்தான் கங்காணி அதுல என்னமோ இருக்குன்னு பாக்கத் தோணுது" என்றாள் அம்மாக்கண்ணு அக்கா.

"ஒங்களக் கும்புட்டுக்கிறேன் அக்கா."

வீட்டுக்கு வந்து தன் போனையும் மனைவி போனையும் அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார். பிரியந்தி போன் மட்டும் வெளியில் இருந்தது. அதில் வீடியோவைத் திறக்காமலே எண்ணிக்கையை மட்டும் பார்க்கலாம் என்று அவள் சத்தியம் செய்த பிறகுதான் விட்டார்.

பிரியந்தியின் போனை முக்காலியில் வைத்து, மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். சைபர். தேத்தண்ணி ஆறியது. சைபர். மலையில் பனி இறங்கி எதிர் லயத்தின் தகரக் கூரை மறைந்தது. அப்போதும் சைபர்.

"இதே எடத்துலதான் அவன் பள்ளிக்கூடத்து எஸ்ஸே எழுதுவான்" என்றார் செல்லசாமி திடீரென்று. "நான் வந்தா கொப்பிய மூடிருவான். எழுத்துப் பெழ பாத்துருவேன்னு பயம். நான் என்னாத்தக் கண்டேன் எழுத்துப் பெழய?"

"ரெண்டு பேருக்கும் ஒரே வீம்பு" என்றாள் நாகலெட்சுமி. கோபமில்லாமல்தான் சொன்னாள்.

ஆறு மணிக்கு எண் மாறியது.

ஒன்று.

முதலில் பேசியது செல்லசாமிதான். "அம்மாக்கண்ணு அக்காவாத்தான் இருக்கும். அது வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் அம்மாக்கண்ணு அக்கா. கையில் போன்.

"இந்தா கங்காணி, நீயே வச்சிக்க. எங்கிட்ட இருந்தா பாத்துத் தொலச்சிருவேன்" என்று போனை இஸ்தோப்புத் திட்டில் வைத்துவிட்டு, ரொட்டி தீயுது என்று ஓடிவிட்டாள்.

மூவரும் மறுபடி திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எண் மாறியது. இரண்டு.

"அப்ப ரெண்டு பேரு" என்றார் செல்லசாமி.

"எந்த நாடுன்னு பாரேன்" என்றாள் நாகலெட்சுமி.

"ஞாயித்துக்கெழமதாம்மா தெரியும்."

நாகலெட்சுமி சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தாள். பிள்ளைக்காம்பராவில் பால் நேரம், தூங்கும் நேரம் எல்லாம் பார்த்துப் பழகிய கண். சும்மா இருக்க முடியவில்லை. எண் மூன்றானபோதும் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கானபோதும் பார்த்தாள்.

"என்னம்மா அங்க பாக்குறீங்க?"

"அப்பா பேசினது எத்தன நிமிஷம்?"

"நாலு நிமிஷம் பத்து செக்கன்."

"நாலு நிமிஷத்துக்கு ஒருதடவதான் மாறுது. கொறையவும் இல்ல, கூடவும் இல்ல. கட்டார்ல இப்ப மணி என்னா?"

"மூணே முக்கால் இருக்கும். வெள்ளிக்கிழம அங்க லீவு."

எண் ஐந்து ஆனது. நாகலெட்சுமி இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தேய்த்தாள். கண்ணில் நீர் நின்றது. குரல் மட்டும் பழைய ஆயாக் குரலாக, நிதானமாக வந்தது.

"அஞ்சு பேரு இல்லடி. ஒரே ஆளு. முடிஞ்ச ஒடனே இன்னொருக்கா கேக்குறான்."

செல்லசாமி எழுந்தார். அரிசி டின்னைத் திறந்து தன் போனை எடுத்தார். ஒட்டியிருந்த அரிசியைத் தீபாவளிச் சட்டையிலேயே துடைத்துவிட்டு, போனை உயிர்ப்பித்து, வீட்டில் சிக்னல் விடாமல் பிடிக்கிற இடமான ஜன்னல் கட்டையில் நிமிர்த்தி வைத்தார். பிறகு அதற்குப் பக்கத்திலேயே நின்றார்.